நூத்தி முப்பதுக்கு மேல போன கை

தமிழழகன் அண்ணன் எங்க குரூப்புல சேந்து ஆறு மாசம். அந்த ஆறு மாசமும் நாங்க அவர விரட்டிக்கிட்டேதான் இருந்தோம். இத முதல்லயே சொல்லிடறேன், சொல்லாம மத்தத எழுத மனசு வரல.

குரூப்புன்னா பெரம்பலூர்ல லினக்ஸ் பயன்படுத்தற ஒரு பதினாலு பேரு. லினக்ஸ்ங்கறது காசில்லாம கெடைக்கிற ஒரு கம்ப்யூட்டர் சிஸ்டம். உள்ள என்ன எழுதியிருக்குன்னு யாரு வேணா தொறந்து பாக்கலாம், பிடிக்கலன்னா மாத்திக்கலாம். விண்டோஸ் போட்டா மூச்சு வாங்கற பழைய லேப்டாப்புல கூட இது ஓடும். யாருக்காவது சந்தேகம்னா டெலிகிராம்ல டைப் பண்ணுவாங்க, தெரிஞ்சவங்க பதில் போடுவோம். அண்ணன் மட்டும் டைப் பண்ணவே மாட்டாரு. ஒன்றரை நிமிஷத்துக்கு வாய்ஸ் போடுவாரு. பின்னாடி லாரி ஹாரன் கேக்கும், ஒரு பொம்பள சத்தம் போடறது கேக்கும். எங்க அட்மின் தமிழரசன் கடுப்பாயி, வாய்ஸ் போடாதீங்க, எர்ரர் என்ன வருதுன்னு காப்பி பண்ணிப் போடுங்கன்னு பத்து தடவயாவது சொல்லியிருப்பான். அதுக்கு அவரு ஒரு கட்டைவிரல் படம் போட்டுட்டு அடுத்த நாளும் வாய்ஸ்தான் போடுவாரு.

கேள்வி எப்பவும் ஒண்ணே ஒண்ணுதான். காலையில டச்பேட் (லேப்டாப்புல விரல தேச்சு திரையில அம்ப நகர்த்தற எடம்) நல்லா வேலை செய்யுது, மத்தியானத்துக்கு மேல அம்பு நவுர மாட்டேங்குது, என்ன பண்றது. ஆளுக்கு ஒண்ணு சொன்னோம். அரியலூர்ல இருந்து போடறாருன்னு தெரிஞ்சதும் பாதி பேரு சிமெண்ட் தூசின்னுட்டாங்க. அந்த ஊர்ல எது ரிப்பேரானாலும் தூசின்னு சொல்லிட்டா யாரும் மேல கேக்க மாட்டாங்க. நான் போட்ட பதில் எனக்கு இப்பவும் ஞாபகம் இருக்கு. 'ஒரு மவுஸ் வாங்கிக்கங்கண்ணே, முன்னூறு ரூவாதான்.' கீழ ஒரு சிரிப்பு பொம்ம வேற.

மார்ச் மாசம் ஒரு ஞாயித்துக்கிழம காலையில அவருகிட்டேர்ந்து ஒரு வாய்ஸ். குரலே வேற மாதிரி இருந்துச்சு. திருச்சியில ஒரு மேப் ஆபீஸ்ல வூட்லேர்ந்தே பாக்கற வேலைக்கு ட்ரையல் குடுத்துருக்காங்க, மொத்தம் நாப்பது ஷீட்டு, வர்ற சனிக்கிழம சாயங்காலம் ஆறு மணியோட முடியுது, மூணு நாள்ல ஏழுதான் முடிச்சிருக்கேன், யாராச்சும் நேர்ல வந்து பாத்தா நல்லாருக்கும்னு சொன்னாரு. கடைசியில ஒரு மாதிரி நிறுத்தி, 'இது போச்சுன்னா எனக்கு வேற ஒண்ணும் வராது' அப்படின்னாரு.

நான் காலேஜ் லேப்ல அசிஸ்டண்ட்டா இருக்கேன், ஞாயிறு லீவு. பஸ் ஏறிட்டேன்.

அரியலூர் டவுனுக்கு கொஞ்சம் முன்னாடியே இறங்கி, சுண்ணாம்புக்கல்லு லாரி போற ரோட்ட ஒட்டி நடந்தா ஒரு தெரு. அதுல கடைசி வூடு. வாசல்ல ஒரு அக்கா முந்திரிக்கொட்டை எண்ணெய் பட்டுக் கறுத்துப்போன கையோட தண்ணி புடிச்சிக்கிட்டு இருந்தாங்க. அண்ணன் சம்சாரம் கலைமணி. நான் நந்தினி, பெரம்பலூர் லினக்ஸ் குரூப்புன்னு சொன்னதும் மேலயும் கீழயும் பாத்தாங்க.

"ஓ, நீதான் அந்த மவுஸ் பாப்பாவா? வா, வந்து நீயே மவுஸ அவரு கையில குடுத்துட்டுப் போ."

உள்ள போனதும் எனக்குப் புரிஞ்சுது. கட்டிலு தலைப்பக்கம் தூக்கி வச்சிருக்கு, அதுல சாஞ்சாப்புல அவரு. வயித்துக்கு மேல ஒரு பலகை, பலகை மேல லேப்டாப்பு. ரெண்டு கையும் பாதி மூடின மாதிரி மடங்கிக் கெடக்கு. விரலு ஒண்ணு கூட அசையாது. இடது கையில ஒரு பட்டைய சுத்தி அதுல பென்சில் சொருகியிருக்கு, அதாலதான் கீய அழுத்துவாரு. வலது கை மணிக்கட்டு மட்டும் கொஞ்சம் மேல தூக்கும். அந்தக் கைய டச்பேட் மேல இறக்கி, சுண்டுவிரல் ஓரமா இருக்கற முட்டியால தேச்சுத்தான் அம்ப நகர்த்துவாரு, பலகை மேல கெடக்கற போனையும் அப்படித்தான் தட்டுவாரு. வாய்ஸ் ஏன் போட்டாருன்னு அப்பத்தான் தெரிஞ்சுது. நான் நின்ன எடத்துலயே நின்னேன். அவருதான் உக்காரும்மா, பஸ்ல கூட்டமான்னு கேட்டாரு.

அண்ணன் வயரிங் வேலை பாத்தவரு. பதினாறு வயசுல ஆரம்பிச்சு முப்பத்திரெண்டு வயசு வரைக்கும் அரியலூர் சுத்துவட்டாரத்துல அவரு ஒயர் பைப்பு பதிக்காத புது வூடு கம்மி. மோட்டார் கொட்டாய்க்கு லைன் இழுப்பாரு, விசேஷத்துக்கு சீரியல் செட் கட்டுவாரு. நாலு வருஷத்துக்கு முன்னாடி ஒரு காதுகுத்துக்கு வேப்பமரத்துல பல்பு கட்டிட்டு இறங்கறப்ப கெளை ஒடிஞ்சிருச்சு. கழுத்துல அடி. மூணரை மாசம் திருச்சி ஆஸ்பத்திரியில. வூட்டுக்கு அனுப்பறப்ப டாக்டர் ரெண்டு விஷயம் சொன்னாராம். இருக்கற பலம் இதுதான், இத வச்சு பழகிக்கங்க. இதுவும் குறைய ஆரம்பிச்சா உடனே வாங்க.

மூணு வருஷம் சீலிங்கத்தான் பாத்துக்கிட்டு இருந்துருக்காரு. கலைமணி அக்கா முந்திரி உடைக்கிற எடத்துக்குப் போயிட்டு, மத்தியானம் ஓடி வந்து சோறு ஊட்டி, பொரட்டிப் படுக்க வச்சு, மூத்திரப் பைய மாத்திட்டு திரும்ப ஓடுவாங்க. அக்காவுக்கு வேலை குறையட்டும்னு இவரு தண்ணியே குடிக்காம இருந்து ஒரு தடவ காய்ச்சல்ல விழுந்தாரு. அக்காவோட தம்பி பழைய லேப்டாப்பு ஒண்ணு கொண்டாந்து வச்சப்ப, படம் பாக்கத்தான் ஆரம்பிச்சாரு. அப்புறம் வீடியோ பாத்துப் பாத்து மேப் வேலைய தானா கத்துக்கிட்டாரு. மேல இருந்து எடுத்த சேட்டிலைட் படத்துல வயலு, குளம், கூரை எல்லாத்தையும் சுத்தி கோடு போடணும், எது என்னன்னு பேரு குடுக்கணும். ஒரு படம் ஒரு ஷீட்டு. அதுல அண்ணனுக்கு இணையே கெடையாது. பதினாறு வருஷமா இந்த ஊருக் கூரையெல்லாம் ஏறுனவரு. நான் பாத்தா ஒரு சாம்பல் கட்டம். அவரு பாத்தா இது மோட்டார் கொட்டாய், இது கக்கூஸ், இது சிமெண்ட் சீட்டு போட்ட மாட்டுக்கொட்டகை.

தன்னோட ஒடம்பு பத்தி ஆபீஸ்ல அவரு சொல்லல. அக்கா சொல்லச் சொல்லி மல்லுக்கு நின்னாங்க போல. படுத்துக்கிட்டு இருக்கறவனுக்கு எரக்கப்பட்டு குடுத்தாங்கன்னு வரக் கூடாது, கோடு நல்லாருக்குன்னு குடுக்கணும்னு ஒரே பிடி.

அன்னிக்கு பதினோரு மணி வாக்குல நான் டச்பேட்ல விரல வச்சேன். அம்பு வெண்ணெய் மாதிரி போச்சு. செட்டிங்ஸ நோண்டுனதுல ஒண்ணு கெடச்சுது. டைப் பண்றப்ப டச்பேட் தானா அணைஞ்சுக்கற மாதிரி ஒரு வசதி இருக்கு. இவரு இடது கையால கீய அழுத்தற ஒவ்வொரு தடவயும் டச்பேட் கண்ண மூடிக்குது. அத நிறுத்துனேன். அவரு முட்டிய வச்சு தேச்சாரு, போச்சு. அக்கா கூட ஒரு டம்ளர் மோர் குடுத்தாங்க. பஸ்ல வர்றப்ப குரூப்புல பெருமையா எழுதுனேன், முடிஞ்சுதுன்னு.

திங்கக்கிழம மத்தியானம் ரெண்டு மணிக்கு போன். மறுபடி நின்னு போச்சும்மா.

அதுலேர்ந்து வியாழக்கிழம வரைக்கும் நாங்க பண்ணாத கூத்தில்ல. தமிழரசன் கெர்னல் பழசுன்னான். கெர்னல்னா சிஸ்டத்தோட அடிமடி, அதையே புதுசா மாத்துனோம். டச்பேட இயக்கற புரோகிராம், டிரைவர்னு பேரு, அத பழசுக்கு மாத்துனோம், திரும்ப புதுசுக்கு மாத்துனோம். செவ்வாக்கிழம அரை நாள் லீவு சொல்லிட்டுப் போயி லேப்டாப்ப கழட்டி, உள்ள டச்பேடுக்குப் போற பட்டை கேபிள எடுத்து தொடச்சு சொருகுனேன். தூசி கொஞ்சம் இருந்துச்சு, அதப் பாத்து எனக்கு அவ்வளவு சந்தோஷம். சரியா போச்சுன்னு கெளம்புனா பஸ் ஸ்டாண்டு வர்றதுக்குள்ள போன், திரும்ப அங்கயே ஓடுனேன்.

எர்த், அதாவது கசியற கரண்ட மண்ணுக்குள்ள இறக்கற லைன், சரியில்லாட்டியும் டச்பேட் கிறுக்குத்தனம் பண்ணும்னு ஒரு எடத்துல படிச்சேன். அத சொன்னதுதான் தாமதம், அண்ணன் மொகம் மாறிப்போச்சு. இந்த வூட்டுக்கு வயரிங் பண்ணது அவருதானே. கீழ சுண்ணாம்புப் பாறை, நாலடிக்கு மேல தோண்ட முடியல, எர்த் குழிய சின்னதா முடிச்சுட்டேன், காஞ்சு கெடக்கும்னாரு. வெயில் காலத்துல எர்த் குழியில தண்ணி ஊத்தறது இங்க வழக்கம்தான். அக்கா ரெண்டு கொடம் தண்ணிய எடுத்துட்டுப் போயி கொல்லையில ஊத்துனாங்க. ஊத்திட்டு ஜன்னல் வழியா எட்டிப் பாத்து, உங்க லேப்டாப்பு குடிச்சிருச்சா, இன்னொரு கொடம் வேணுமான்னு கேட்டாங்க. நான் சிரிச்சேன், அண்ணன் சிரிக்கல. சார்ஜர கழட்டிட்டுப் பாத்தாலும் அதே கதைதான். எர்த்தும் இல்ல.

புதன்கிழம ஒரு பென் டிரைவ்ல வேற லினக்ஸ கொண்டு போயி அதையும் போட்டேன். அப்ப நேரம் அஞ்சரை. அவரு காலையில ஷீட்டு போட்டு, அப்புறம் நின்னுபோன அம்போட மல்லுக்கட்டி அலுத்துக் கெடந்தாரு. நான் விரல வச்சா ஓடுது. அவரு கைய வச்சா அம்பு செத்துக் கெடக்குது. திரும்ப நான் வச்சா ஓடுது.

'நீ தொட்டா போவுது பாப்பா' அப்படின்னு அக்கா சொன்னாங்க. அதுல கோவம் எதுவும் இல்ல, அதுதான் எனக்கு வலிச்சுது. அண்ணன் சீலிங்க பாத்துக்கிட்டு இருந்தாரு. கெளம்பறப்ப, இனிமே வராதம்மா, ஒனக்கு லீவு வீணாப்போவுது, இந்த லேப்டாப்ப உன் காலேஜ்ல யாராச்சும் படிக்கிற புள்ளைக்கு குடுத்துருன்னாரு. கணக்கு அப்ப பதினாறு ஷீட்டு. மிச்சம் இருபத்திநாலு. இருக்கறது மூணு நாளு.

நான் பஸ்ல அழுதேன். பக்கத்துல இருந்தவங்க என்னாச்சுன்னு கேட்டாங்க, தலவலின்னு சொல்லிட்டேன்.

வியாழக்கிழம முழு லீவு போட்டுட்டு திரும்பப் போனேன். என்ன பண்ணப் போறேன்னு எனக்கே தெரியாது. அக்கா வேலைக்குப் போயிட்டாங்க, வாசக் கதவு சும்மா சாத்தியிருந்துச்சு. அண்ணன் என்னை ஒரு தடவ பாத்துட்டு திரும்ப ஷீட்டு போட ஆரம்பிச்சாரு. காலையில எல்லாம் நல்லாதான் போச்சு, ரெண்டு முடிச்சாரு. பதினெட்டு. பன்னெண்டே முக்காலுக்கு அம்பு தடுமாற ஆரம்பிச்சுது. ஒரு மணிக்கு நின்னுருச்சு.

நான் பழக்கத்துல எட்டி விரல வச்சேன், போச்சு. பாருங்கண்ணே வேலை செய்யுதேன்னு சொல்லிட்டேன். வாயிலேர்ந்து அப்படியே வந்துருச்சு, கொஞ்சம் எரிச்சலாவே வந்துருச்சு.

அவரு என் விரலயே பாத்தாரு. அப்புறம் கேட்டாரு.

"நந்தினி, கரண்ட் இருக்கான்னு பாக்கற டெஸ்டர் தெரியுமா ஒனக்கு?"

தெரியும்னேன். ஸ்க்ரூ டிரைவர் மாதிரி இருக்கும், உள்ள சின்ன லைட்டு எரியும்.

"ஒயரு உள்ள அத்துப்போயி ஒத்த இழை ஒட்டிக்கிட்டு இருந்தாலும் டெஸ்டர் எரியும். எரியுதேன்னு நம்பி ஃபேன மாட்டுனா சுத்தாது. அதனால நாங்க ஹோல்டர்ல நூறு வாட்ஸ் பல்ப மாட்டி கையில வச்சிருப்போம். அத போட்டு நின்னு எரிஞ்சாத்தான் லைன் சரின்னு சொல்லுவோம். நீ வந்த நாள்லேர்ந்து டெஸ்டர வச்சே பாத்துக்கிட்டு இருக்க. உன் விரலு டெஸ்டரு. என் கைய வச்சுப் பாரு."

நாலு நாளா நான் ஒரு தடவ கூட அவரு கை மெஷினுக்கு எப்படித் தெரியுதுன்னு சோதனை பண்ணல. ஒவ்வொண்ண மாத்துனதும் என் விரல வச்சுப் பாத்து சரின்னுட்டு, அப்புறம்தான் அவருகிட்ட குடுத்தேன். அவருக்கு வேலை செய்யலன்னா மெஷின்ல வேற கோளாறு தேடப் போயிடுவேன். அவரு கையையும் மெஷினையும் சேத்து வச்சு பாக்கவே இல்ல.

லினக்ஸ்ல ஒரு கருவி இருக்கு. டச்பேட் மேல என்ன விழுதோ அத அப்பப்ப வரி வரியா எழுதிக் காட்டும். அத தொறந்து வச்சுட்டு, அவரு மணிக்கட்ட என் கையாலயே தூக்கி டச்பேட் மேல வச்சேன். திரையில ஒரு வரி வந்துச்சு. பாம், அதாவது உள்ளங்கை, கண்டுபிடிச்சாச்சு. எடுத்து வச்சேன். அதே வரி. திரும்ப வச்சேன். அதே வரி.

கைய அது பாத்துக்கிட்டுதான் இருந்துருக்கு. பாத்துட்டு வேண்டாம்னு தள்ளியிருக்கு.

ஏன்னா, நம்ம டைப் பண்றப்ப உள்ளங்கை தெரியாம டச்பேட்ல பட்டு அம்பு எங்கயாவது தாவிடும். அத தடுக்க, அழுத்தத்துக்கு ஒரு எல்லை வச்சிருக்காங்க. நூத்தி முப்பது. அதுக்கு கீழ இருந்தா விரலு. மேல போனா அது விரல் இல்ல, தவறுதலா பட்ட கை, கண்டுக்காத. என் விரலு அம்பது, அறுபது காட்டுச்சு. அண்ணன் முட்டி நூத்தி அறுபத்தெட்டு. காலையில மணிக்கட்டு தெம்பா இருக்கறப்ப கைய தூக்கிப் புடிச்சு முட்டி நுனியால தேப்பாரு, நூத்தி பத்து, நூத்தி இருபதுன்னு தப்பிச்சிரும். அலுப்பு ஏற ஏற கை இறங்கி பரவிப் படும், எண்ணு ஏறும், நூத்தி முப்பத தாண்டுன நிமிஷத்துலேர்ந்து மெஷினுக்கு அப்படி ஒரு கையே கெடையாது.

இத நான் மூச்சு விடாம சொல்லிக்கிட்டு இருக்கறப்ப அக்கா சோறு ஊட்ட வந்துட்டாங்க. கதவுகிட்ட நின்னது எனக்குத் தெரியல. அண்ணனுக்கும் தெரியல. அவரு திரையவே பாத்துக்கிட்டு இருந்தாரு.

"அப்ப என் கை போவலையா?"

நான் முழிச்சேன். அவரு மெதுவா சொன்னாரு. டாக்டர் சொன்னது ஞாபகம் இருக்கா, இருக்கற பலம் குறைய ஆரம்பிச்சான்னு. மத்தியானம் ஆனா அம்பு நிக்கறதப் பாத்து, கைதான் போயிக்கிட்டு இருக்குன்னு நெனச்சிருக்காரு. ஆறு மாசமா. இன்னிக்கு ஒரு மணிக்கு நிக்குது, அடுத்த மாசம் பன்னெண்டு மணிக்கு நிக்கும், அப்புறம் ஒரு நாள் காலையிலயே நிக்கும்னு எண்ணிக்கிட்டே இருந்துருக்காரு. அதுக்குத்தான் இந்த ட்ரையல இப்பவே முடிக்கணும்னு அப்படி தவிச்சது. ஆஸ்பத்திரிக்குப் போனா அத அவங்க வாயால கேக்கணுமேன்னு போவல.

அக்கா சோத்துத் தட்ட தரையில வச்சாங்க.

"வெயிலுக்கு நிக்குதுன்னு சொன்னீங்களே எங்கிட்ட. வெயிலுன்னு நம்பி மத்தியானம் மத்தியானம் அந்த லேப்டாப்புக்கு விசிறி விட்டேனே நானு."

அக்கா அவரு வலது கைய எடுத்து மடியில வச்சுக்கிட்டு கொஞ்ச நேரம் அப்படியே உக்காந்துருந்தாங்க. நான் கொல்லப் பக்கம் போயி நின்னேன்.

திரும்ப வந்து ஒரு சின்ன ஃபைல் எழுதுனேன். நாலு வரி. இந்த லேப்டாப்புல, இந்த டச்பேடுக்கு, எல்லை நூத்தி முப்பது இல்ல, இருநூத்தி அம்பத்திநாலுன்னு. இத எழுதுன யாரோ ஒரு ஆளு எங்கயோ ஒரு ஊர்ல, இப்படி ஒரு கை வரும்னு நெனச்சுப் பாத்துருக்க மாட்டாரு. ஆனா மாத்திக்க வழிய தொறந்து வச்சிருக்காரு. அதுக்காக அவருக்கு ஒரு கும்பிடு போட்டேன், உண்மையா.

லேப்டாப்ப அணைச்சு போட்டோம். அது எந்திரிக்க ஒரு நிமிஷம் பத்து செகண்டு ஆச்சு. மூணு பேரும் கருப்புத் திரையில எங்க மொகத்தையே பாத்துக்கிட்டு இருந்தோம். இந்தத் தடவ நான் தொடல. அண்ணன் கைய இறக்குனாரு. அலுத்துப்போன கை, முழுசா பரவித்தான் விழுந்துச்சு. அம்பு போச்சு. எடது பக்கம் போச்சு, மேல போச்சு, ஒரு குளத்த சுத்தி வந்துச்சு.

அன்னிக்கு சாயங்காலத்துக்குள்ள மூணு ஷீட்டு முடிச்சாரு. இருபத்தொண்ணு. ஆறு மாசத்துல அவரு மத்தியானத்துக்கு மேல பாத்த முதல் வேலை அது.

வெள்ளிக்கிழம எட்டு. இருபத்தொம்பது. மிச்சம் பதினொண்ணு, ஒரே நாளு. முடிஞ்சாலும் முடியும்னு தோணுச்சு. குரூப்புல எல்லாரும் எத்தனை எத்தனைன்னு கேட்டுக்கிட்டே இருந்தாங்க. தமிழரசன் ஒரு வாய்ஸ் போட்டான், அண்ணே மன்னிச்சுருங்கன்னு. அவன் வாழ்க்கையில போட்ட முதல் வாய்ஸ்.

சனிக்கிழம நான் போறப்ப மணி பத்து. முப்பத்திரெண்டாவது ஷீட்டு போயிக்கிட்டு இருந்துச்சு. கிட்டப் போயி பாத்தா டச்பேட்ல செவப்பா இழுத்துருக்கு. முதல்ல ஏதோ வெத்தலச் சாறுன்னு நெனச்சேன். அப்புறம்தான் அவரு கையப் பாத்தேன். சுண்டுவிரல் முட்டியில தோல் உரிஞ்சு தொங்குது. அந்தப் பக்கம் அவருக்கு உணர்ச்சி கெடையாது. வலிக்கல, தெரியல. ரெண்டு நாளா விடாம தேச்சதுல அப்படி.

அக்காவ கூப்பிட்டேன். அவங்க பாத்துட்டு அவருகூட சண்ட போட நேரமில்லாம மருந்து போட்டு துணிக்கட்டு கட்டுனாங்க. கட்டு போட்ட கைய டச்பேட்ல வச்சா ஒண்ணும் ஆவல. துணி மேல இருந்தா டச்பேடுக்கு தோல் தெரியாது. பத்தரை, பதினொண்ணுன்னு மணி ஓடுது. எடது கையால முயற்சி பண்ணாரு, அந்த மணிக்கட்டு தூக்கவே மாட்டேங்குது. கட்ட அவுருன்னாரு. அக்கா முடியாதுன்னாங்க. அவுருன்னு கத்துனாரு. அந்த வூட்ல அவரு கத்தி நான் கேட்டது அது ஒண்ணுதான். அக்கா அசையல. புண்ணு ஆறாம சீழ் வச்சா மறுபடி ஆஸ்பத்திரி, அங்கேர்ந்து நீங்க திரும்பி வருவீங்களான்னு எனக்குத் தெரியாது, அவுக்க மாட்டேன்னாங்க.

கடைசியில கைய திருப்பி, பெருவிரலுக்கு கீழ இருக்கற மேடு இருக்குல்ல, உள்ளங்கையோட சதை, அத வச்சுப் பாத்தாரு. இருநூறுக்கு மேல காட்டுச்சு. ஆனா இப்ப எல்லை எங்கயோ இருக்கே, ஏத்துக்கிச்சு. போச்சு. ஆனா முட்டி மாதிரி துல்லியமா வராது. ஒரு மூலையில அம்ப நிறுத்த மூணு தடவ போயி வரணும். கோணலா விழுந்த கோட்ட அவரு விட மாட்டாரு, அழிச்சுட்டு திரும்பப் போடுவாரு. ஒரு வயலு வரப்பு ஒரு மில்லிமீட்டர் தள்ளி விழுந்துச்சுன்னு அவரு அழிச்சப்ப, விடுங்கண்ணே யாரு பாக்கப் போறான்னு கெஞ்சுனேன். அந்த வரப்புக்காக ரெண்டு குடும்பம் பேசாம இருக்கும்மான்னுட்டு திரும்பப் போட்டாரு.

அஞ்சே முக்காலுக்கு முப்பத்தஞ்சு. அஞ்சு அம்பத்தெட்டுக்கு முப்பத்தாற ஏத்துனோம். ஆறு மணிக்கு லிங்க் மூடிருச்சு.

ஏழு மணிக்கு ஆபீஸ்லேர்ந்து சிந்தாமணி மேடம் கூப்பிட்டாங்க. அவரால போன புடிக்க முடியாது, அக்கா ஸ்பீக்கர்ல போட்டு பலகை மேல வச்சாங்க. நாப்பதுன்னா நாப்பதுதான் சார், ஆறு பேரு முடிச்சிருக்காங்க, எடம் அவங்களுக்குப் போயிருச்சுன்னாங்க. அண்ணன் சரிங்க மேடம்னாரு. மேடம் கொஞ்சம் நிறுத்தி, உங்க ஷீட்ட நானே பாத்தேன், முப்பத்தாறுல ரெண்டே ரெண்டு திருத்தம்தான், இந்த பேட்ச்ல அந்த அளவுக்கு யாருமில்ல, ஜூன்ல அடுத்த ட்ரையல் வருது, பேரு எழுதி வைக்கிறேன், உறுதியா ஒண்ணும் சொல்ல முடியாதுன்னாங்க. அப்புறம் சும்மா கேக்கற மாதிரி, கொஞ்சம் வேகமா போட முடியாதா சார்னு கேட்டாங்க.

அக்கா வாயத் தொறந்தாங்க. அண்ணன் அவங்களப் பாத்தாரு. அப்படி ஒரு பார்வை. அக்கா மூடிக்கிட்டாங்க.

"பழகிக்கறேன் மேடம்," அப்படின்னாரு.

போன் வச்சதுக்கு அப்புறம் அக்கா அடுப்படிக்குப் போயிட்டாங்க, பாத்திரம் உருள்ற சத்தம் கேட்டுச்சு. அண்ணன் என்கிட்ட, மிச்சம் நாலு ஷீட்டு லேப்டாப்புலதானே இருக்கு, முப்பத்தேழ தொறம்மான்னாரு. கட்டு நனஞ்சு செவந்துருந்துச்சு. யாரும் எண்ண மாட்டாங்கண்ணேன்னு சொன்னேன். தெரியும்னாரு. ஜூன்ல நாப்பது வேணுமே, எவ்வளவு நேரம் ஆவுதுன்னு பாக்கணும்ல. நான் தொறந்து குடுத்துட்டு பஸ்ஸுக்கு ஓடிட்டேன். நின்னா அவரு முன்னாடியே அழுதுருப்பேன்.

திங்கக்கிழம காலையில அக்காவே எனக்கு போன் பண்ணாங்க, வேலை பாக்கற எடத்துலேர்ந்து. முந்திரி உடைக்கிற சத்தம் டக் டக்குன்னு கேட்டுச்சு. புண்ணு ஆற இருபது நாள் ஆவும்னு நர்ஸ் சொல்லிருக்கு, ஜூனுக்கு இன்னும் ரெண்டு மாசத்துக்கு மேல கெடக்கு, அவரு ஒரு நாள் கூட சும்மா இருக்க மாட்டாரு பாப்பா, நான் ஒண்ணு பண்ணிருக்கேன், அவரு கேட்டா நீ தெரியாதுன்னு சொல்லிருன்னாங்க.

சாயங்காலம் குரூப்புல அண்ணனோட வாய்ஸ். எல்லாருக்கும் பொதுவாத்தான் போட்டுருந்தாரு. லேப்டாப்புல சார்ஜு சுத்தமா தீந்துபோச்சு, சார்ஜர காலையிலேர்ந்து காணோம், வூட்ல கேட்டா எலி தூக்கிட்டுப் போயிருச்சுங்கறா, நந்தினி, ஒங்கிட்ட ஏதாச்சும் சொன்னாளான்னு கேட்டாரு.

தெரியாதுண்ணேன்னு டைப் பண்ணேன். பண்ணிட்டு அழிச்சுட்டு, வாய்ஸ்லயே சொன்னேன்.